தப்பான குரூப்பில் வந்த கேள்வி

 

போன ஞாயிற்றுக்கிழமை இரவு நம் 2003 பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்து விழுந்தது. "மச்சான், ஆயிரம் ரூபாய்க்குள்ள நல்ல ரெட் ஒயின் எதுடா?"

இரண்டு நிமிடம் குழுவில் சத்தமே இல்லை. பிறகு, "ஸாரி சார், தப்பான குரூப்" என்று வந்தது. கேள்வியை அழித்தும் விட்டான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி அதற்குள் படித்துவிட்டாள். "பையன் கேட்டுட்டான், வாத்தியார் பதில் சொல்லுங்க" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். ஆனால் படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. அந்தப் பையன் பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம். அவன் தப்பாக எதுவும் கேட்டுவிடவில்லை. இதே கேள்வியை இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே மனிதர்கள் கேட்டிருக்கிறார்கள். அதற்கான தடயம் நம் ஊரிலிருந்து ஒரு நாள் பஸ் பயணத்தில் போய் வரும் தூரத்தில் மண்ணுக்குள் கிடந்தது. முப்பத்து நான்கு வருடம் வரலாறு நடத்தியும் அதை உங்களுக்கு நான் சொல்லவில்லை. மறந்துபோய் விட்டதல்ல, வேண்டுமென்றே விட்டேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1944 ஜூலை. இந்தியத் தொல்லியல் துறைக்குப் புதிதாகத் தலைமை ஏற்றிருந்த மார்ட்டிமர் வீலர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வருகிறார். ஒரு அலமாரியைத் திறந்து துழாவும்போது கைக்கு அகப்பட்டது ஒரு ஜாடியின் உடைந்த கழுத்தும் நீண்ட கைப்பிடியும். பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அது மத்தியதரைக் கடல் நாட்டு ஒயின் ஜாடி. அதை 'ஆம்போரா' என்பார்கள். இரண்டு பக்கமும் காது வைத்து, அடிப்பாகம் கூம்பாக இருக்கும். தரையில் நிற்காது. கப்பலின் அடித்தட்டில் ஒன்றோடொன்று சாய்த்து அடுக்குவதற்காகவே அப்படி வனைந்தார்கள். ரோமானியர் கணக்கில் ஓர் ஆம்போரா என்பது ஏறக்குறைய 26 லிட்டர். இன்றைய 750 மில்லி பாட்டிலில் ஊற்றினால் முப்பத்தைந்து பாட்டில் வரும்.

அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார். புதுச்சேரிக்குப் பக்கத்தில், அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு என்றார்கள். அடுத்த வருடமே, 1945இல், அங்கே குழி தோண்டினார். பின்னால் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மறுபடியும் அகழாய்வு நடந்தது. அங்கே கிடைத்த ஆம்போரா ஓடுகளை எலிசபெத் லைடிங் வில் என்ற அமெரிக்க அறிஞர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். சிலவற்றில் ஆலிவ் எண்ணெய் வந்திருக்கிறது, சிலவற்றில் மீனைப் புளிக்கவைத்துச் செய்த ஒருவகைச் சாறு. ஆனால் பெரும்பங்கு ஒயின் ஜாடிகள். அவற்றிலும் நிறைய, கிரேக்கத்தின் கோஸ் தீவு ஜாடிகளும் அவற்றைப் பார்த்து இத்தாலியில் செய்த ஜாடிகளும்.

இங்கேதான் நம் பையனின் கேள்வி வருகிறது. கோஸ் தீவு ஒயின் என்றால் என்ன? அது பணக்கார விருந்தின் உயர்ந்த சரக்கல்ல. கடல்நீர் கலந்த ஒயின். உப்பு சேர்ந்தால் சீக்கிரம் கெடாது, நீண்ட கடற்பயணத்தைத் தாங்கும். விலையும் கட்டுப்படியாகும். சாதாரணக் குடும்பமும் வாங்கக்கூடியது. (அது சிவப்பா என்று கேட்பீர்கள். பிளினி அதைக் குறிப்பிடும் பெயரிலேயே 'வெள்ளை' என்ற சொல் இருக்கிறது. ஆக, நம் பையனுக்கு அங்கே பாதி மார்க்தான்.)

இந்த ஒயினுக்குப் போலியும் இருந்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் கேட்டோ என்ற பெரிய மனிதர் விவசாயத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் இத்தாலியத் திராட்சையில் கடல்நீரைச் சேர்த்துக் கோஸ் ஒயின் போலவே செய்வதற்குச் செய்முறை கொடுத்திருக்கிறார். ஒளிவுமறைவே கிடையாது. பண்ணை ஆட்கள் குளிர்காலத்தில் குடிப்பதற்கென்று தனியாக ஒரு மலிவு ஒயினும் சொல்கிறார். அதில் திராட்சைச் சாற்றோடு காடியும் தண்ணீரும் கடல்நீரும் சேரும். குடிக்கிறவன் யார் என்பதைப் பொறுத்துக் கலவை.

பாம்பெயி நகரத்தை உங்களுக்கு நடத்தியது நினைவிருக்கும். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊர். 1938இல் அங்கே ஒரு வீட்டில் நம் நாட்டு யானைத்தந்தப் பெண் சிற்பம் கிடைத்தது என்று கரும்பலகையில் படம்கூட வரைந்து காட்டினேன். அதே ஊரில் ஒரு சாராயக்கடைச் சுவரில் எழுதியிருந்த விலைப்பட்டியலை மட்டும் சொல்லவில்லை. ஹெடோனே என்ற கடைக்காரியின் பெயரில் அது இருக்கிறது. 'அஸ்' என்பது அவர்களுடைய சில்லறைக் காசு. ஒரு அஸ் கொடுத்தால் சாதாரண ஒயின், இரண்டு கொடுத்தால் அதைவிட நல்லது, நான்கு கொடுத்தால் ஃபலெர்னியன். அதுதான் அன்றைக்கு இத்தாலியின் பெயர்பெற்ற ஒயின். நம் டீக்கடையில் டீ, ஸ்பெஷல் டீ, பூஸ்ட் என்று எழுதி வைப்பது போலத்தான்.

இன்னும் துல்லியமான கணக்கு வேண்டுமானால் கி.பி. 301க்கு வாருங்கள். விலைவாசி கைமீறிப் போனபோது டயோக்ளீஷியன் பேரரசர் எந்தப் பொருளையும் இந்த விலைக்கு மேல் விற்கக் கூடாது என்று ஆணை போட்டுக் கல்லில் வெட்டி வைத்தார். ஏறக்குறைய அரை லிட்டர் அளவுக்குச் சாதாரண நாட்டு ஒயின் 8 டினாரியஸ், ஃபலெர்னியன் போன்றவை 30 டினாரியஸ். அதே ஆணையில் கூலியும் இருக்கிறது. பண்ணைக் கூலியாளுக்குச் சாப்பாடு போட்டு நாளுக்கு 25, கொத்தனாருக்குச் சாப்பாடு போட்டு 50. எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாருக்கு ஒரு பிள்ளைக்கு மாதம் 50. (வாத்தியார்கள் நிலைமை அன்றைக்கும் அப்படித்தான்.) ஆக ஒரு கொத்தனார் நாள்கூலியில் ஆறில் ஒரு பங்கைக் கொடுத்தால் அரை லிட்டர் சாதாரண ஒயின் குடிக்கலாம். நல்லதைக் குடித்தால் பாதிக் கூலிக்கு மேல் போய்விடும்.

கொத்தனார் என்ற சொல்லை எழுதும்போது கொஞ்சம் நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

யவனர் ஒயினை நம்மவர்கள் குடித்தார்களா? சங்கப் பாட்டிலேயே சான்று இருக்கிறது. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள குளிர்ந்த மதுவை, பெண்கள் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர, நீ நாள்தோறும் மகிழ்ந்திரு என்பது அதன் கருத்து. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடல் பயணக் குறிப்பு', மேற்குக் கரையில் முசிறிப் பக்கம் இறங்கும் சரக்குகளில் ஒயினையும் சேர்க்கிறது, ஆனால் அதிகம் இல்லை என்கிறது. குஜராத்தின் பரூச் துறைக்கு இத்தாலி ஒயின்தான் பிடித்தம் என்கிறது. கோஸிலும் இத்தாலியிலும் சாதாரணக் குடும்பத்துச் சரக்காக இருந்தது, கடல் தாண்டி வந்ததும் இங்கே பொற்கிண்ணத்தில் ஏறியிருக்கலாம். இறக்குமதி என்றால் நமக்கு எப்போதும் ஒரு மயக்கம்.

நம் மண்ணின் சரக்கும் சளைத்ததல்ல. மலைபடுகடாம் நம் மாவட்டத்து நூல். பாட்டுடைத் தலைவன் நன்னனின் ஊர் செங்கண்மா, அதாவது இன்றைய செங்கம். நவிரமலை என்பது நம் பருவதமலை. அந்த வழியே போகும் கூத்தர்களுக்கு மலைவாசிகள் மூங்கில் குழாயில் ஊற்றி முதிர வைத்த தேன் மதுவைக் கொடுத்து உபசரிப்பார்கள் என்று கவிஞர் சொல்கிறார். பணம் கேட்கவில்லை. விருந்தாளிக்குக் கொடுத்தது. ஆயிரம் ரூபாய்க்குள் என்ற கேள்வியே அங்கே எழாது.

இப்போது இதையெல்லாம் ஏன் நான் வகுப்பில் சொல்லவில்லை என்பதற்கு வருகிறேன்.

என் அப்பா கொத்தனார். இந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் அவர் கட்டிய சுவர்கள் இன்றைக்கும் நிற்கின்றன. ரசமட்டம் வைக்காமலே கண்ணால் பார்த்துச் சொல்வார், கால் அங்குலம் சாய்கிறது என்று. 1971 ஆகஸ்ட் வரைக்கும் நம் மாநிலத்தில் மதுவிலக்கு. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கி வைத்தது, 1948இல் மாகாணம் முழுக்க வந்தது. 1971இல் அதைத் தள்ளிவைத்துக் கடை திறந்தார்கள். அப்போது எனக்குப் பதினான்கு வயது. சனிக்கிழமை சம்பளம். அப்பா முதலில் கடைக்குப் போவார், பிறகு வீட்டுக்கு வருவார். அம்மா வாசலில் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவர் வருவதைப் பார்ப்பதற்கல்ல, சட்டைப் பையில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதற்கு. கூலியில் ஆறில் ஒரு பங்கா, பாதியா என்ற கணக்கை நான் டயோக்ளீஷியன் ஆணையில் படிக்கவில்லை. வாசற்படியில் படித்தேன்.

1973இல் கள்ளுக்கடையையும் 1974இல் சாராயக்கடையையும் மூடினார்கள். அப்பா மூடவில்லை. கள்ளச்சாராயம் வந்தது. 1981இல் மறுபடி கடை திறந்தது. அந்த வருடம்தான் நான் வேலையில் சேர்ந்தேன். 1983இல், மஞ்சள்காமாலை முற்றி, வயிறு வீங்கி அப்பா போனார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அதே வருடத்தில்தான் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கியது. 2003இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. நம் குழுப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு முடித்த அதே வருடம்.

1998இல் அரிக்கமேட்டுக்குச் சுற்றுலா கூட்டிப் போனேன். இரண்டு பஸ். வந்தவர்களுக்கு நினைவிருக்கும், வழியில் செஞ்சிக் கோட்டையில் ஒருவன் செருப்பைத் தொலைத்தான். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் ஒரு மாணவி ஆம்போரா துண்டைக் காட்டிக் கேட்டாள்: "சார், இந்த ஜாடியில என்ன வந்துச்சு?" எனக்கு விடை தெரியும். "எண்ணெய்ம்மா" என்றேன். முழுப் பொய் இல்லை, சில ஜாடிகளில் எண்ணெயும் வந்தது. ஆனால் அவள் கேட்டது அதையல்ல என்று எனக்குத் தெரியும். நோட்டில் 'எண்ணெய்' என்று எழுதிக்கொண்டாள். தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்ற உறுத்தல் அன்றிலிருந்து இருக்கிறது. என் வீட்டுத் துக்கத்தைச் சரித்திரத்தின் மேல் பூசி மறைக்க எனக்கு உரிமை கிடையாது.

சரி, பையன் கேட்டதற்கு வருகிறேன். எனக்கு ருசி தெரியாது. ஒரு சொட்டும் குடித்ததில்லை. ஆனால் விலையின் கதை தெரியும். மிச்சத்தை ஓட்டல் வேலையில் இருக்கும் இன்னொரு பழைய மாணவனிடம் போனில் கேட்டுக்கொண்டேன்.

வெளிநாட்டு ஒயினுக்கு நம் நாட்டில் சுங்கம் 150 சதவீதம் என்பதே பொதுக்கணக்கு. 2021 பட்ஜெட்டில் இதை 50 சதவீதம் அடிப்படைச் சுங்கம், 100 சதவீதம் வேளாண் மேல்வரி என்று பிரித்துப் பெயர் வைத்தார்கள், கூட்டினால் அதே 150. துறைமுகத்தில் 300 ரூபாய்க்கு வந்திறங்கும் பாட்டில், வெளியே வரும்போதே 750. அதன் மேல் மாநில வரி, கடைக்காரர் லாபம். மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, மாநிலத்துக்கு மாநிலம் தனி வரி. ஆக, ஆயிரம் ரூபாய் இறக்குமதி பாட்டிலில் முந்நூறு ரூபாய்ச் சரக்குகூட இருக்காது. ஆஸ்திரேலியாவோடு போட்ட ஒப்பந்தம் 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தபோது சுங்கத்தைக் குறைத்தார்கள், ஆனால் 5 டாலருக்கு மேற்பட்ட பாட்டிலுக்குத்தான். அதற்குக் கீழே உள்ள மலிவு ஒயினுக்குச் சலுகை இல்லை. பண்டைக்கால வணிகத்தில் இந்தியச் சரக்குக்கு ரோமானிய எகிப்து வாங்கிய சுங்கம் 25 சதவீதம். அதையே கொள்ளை என்று நான் வகுப்பில் சொன்னேன்!

அதனால் இந்த விலைக்குள் இந்திய ஒயின்தான் புத்திசாலித்தனம் என்கிறான் அந்த ஓட்டல் மாணவன். அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1980களில் புனே அருகே நாராயண்காவில் இண்டேஜ், பிறகு பெங்களூர் பக்கம் நந்தி மலையடிவாரத்தில் குரோவர். 1990களின் கடைசியில் அமெரிக்காவிலிருந்து திரும்பிய ராஜீவ் சாமந்த் நாசிக்கில் சூலாவைத் தொடங்கினார். 2001இல் மகாராஷ்டிர அரசு ஒயினுக்கென்றே தனிக்கொள்கை கொண்டுவந்தது, நாசிக் அதனால் வளர்ந்தது. ஐரோப்பாவில் செப்டம்பர் வாக்கில் அறுவடை, இங்கே செப்டம்பரில் கவாத்து செய்து ஜனவரி முதல் மார்ச்சுக்குள் அறுவடை. நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருடம் முழுக்க காய்க்கும் கருந்திராட்சை, ஆனால் பெரும்பாலும் தின்பதற்குத்தான் போகிறது.

அவன் சொன்ன மிச்சக் குறிப்புகள்: ஒரே கம்பெனியின் மிக மலிவான பாட்டிலை விட்டு, அதற்கு அடுத்த படியில் உள்ளதை வாங்கு. பாட்டில், மூடி, லேபிள், லாரி வாடகை எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான், கூடுதல் பணம் உள்ளே உள்ள சரக்குக்குப் போகும். பழையதுதான் நல்லது என்பது மலிவு ஒயினுக்குப் பொருந்தாது, இரண்டு மூன்று வருடத்துக்குள் குடித்துவிட வேண்டும். திருகுமூடி போட்டது மட்டம் என்று நினைக்காதே. வெயில் படும் கண்ணாடி அலமாரியில் நின்ற பாட்டிலைத் தொடாதே, நம் சித்திரை வெயிலில் அது காடியாகிவிடும். போர்ட் என்று எழுதியிருக்கும் இனிப்புச் சரக்கு வேறு, நீ கேட்பது வேறு. புதுச்சேரியில் விலை குறைவு என்று அங்கிருந்து தூக்கி வராதே, எல்லையில் வழக்கு ஆகிவிடும்.

இனி வாத்தியார் சொல்வது. இதயத்துக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு குடிக்காதே. 1991இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கொழுப்பு தின்றும் மாரடைப்பு குறைவு, காரணம் ரெட் ஒயின் என்றார்கள். அதிலிருந்து அந்தப் பேச்சு உலகம் சுற்றுகிறது. 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிட்டது, உடல்நலத்துக்குப் பாதுகாப்பான குடியளவு என்று ஒன்று இல்லை. ருசிக்காகக் குடித்தால் ருசிக்காக என்று சொல். மருந்து என்று சொல்லாதே.

இன்னொன்று. நீ ஆயிரம் ரூபாய்க்குள் எது நல்லது என்று கேட்கிறாய். நூறு ரூபாய்க்குள் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். 2023 மே மாதம் மரக்காணம் பக்கம், 2024 ஜூனில் நம் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில், மெத்தனால் கலந்த சாராயம் குடித்துச் செத்தவர்களை நினைத்துப் பார். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேல். அவர்களில் எத்தனையோ பேர் கூலிவேலைக்காரர்கள். கேட்டோவின் காலத்திலிருந்து இன்றுவரை ஏழையின் கோப்பையில் என்ன ஊற்றுவது என்பதை வேறு யாரோதான் முடிவு செய்கிறார்கள். உன் சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் எத்தனையில் ஒரு பங்கு என்று பார். வீட்டில் யாராவது விளக்கை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்களா என்றும் பார். இரண்டுக்கும் விடை சரியாக இருந்தால், பெரியவன் நீ, உன் இஷ்டம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். குழுவை விட்டு வெளியேற வேண்டாம்.

கடைசியாக, 1998இல் அரிக்கமேட்டுக்கு வந்த அந்த மாணவிக்கு. நீயும் இப்போது ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறாய் என்று கேள்விப்பட்டேன். இதைப் படித்தால் உன் பழைய நோட்டில் ஒரு திருத்தம் செய்துகொள்ளம்மா. அந்த ஜாடியில் வந்தது ஒயின். உன் பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் சொல்லு.

அன்புடன்,
உங்கள் வரலாறு வாத்தியார்
வேங்கிக்கால், திருவண்ணாமலை